ஐரோப்பாவில் மலிவு ஓட்டல்: அறை எப்படி? கட்டில் எப்படி?

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்படும் நம் குடும்பங்கள் பெருகிவிட்டன. மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான், மகள் பிரான்சில் படிக்கிறாள்; அவர்களைப் பார்த்துவிட்டு, அப்படியே நாலு ஊரையும் பார்த்து வரலாம் என்று அப்பாவும் அம்மாவும் கிளம்புகிறார்கள். விமானச் சீட்டுக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். தங்கும் அறையை மட்டும் படத்தைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள்.

படத்தில் அறை பெரிதாகத் தெரியும். நேரில் போய்க் கதவைத் திறந்தால், பெட்டியை எங்கே வைப்பது என்று திகைக்க வேண்டியிருக்கும்!

இங்கே சொல்வது அரண்மனை போன்ற ஓட்டல்களைப் பற்றி அல்ல. கையில் உள்ள காசுக்கு ஏற்ற சிறிய ஓட்டல்களைப் பற்றி. அங்கே வழக்கம் வேறு. அது தெரியாமல் போனால், இரவு 11 மணிக்குக் குழந்தை குட்டியோடு ஓட்டல் வாசலில் நிற்க நேரலாம்.

பத்துக்குப் பத்துகூட இல்லை

பிரான்சில் 2009-ம் ஆண்டு, ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் முறையைத் திருத்தி அமைத்தார்கள். அதன்படி, ஒரு நட்சத்திர ஓட்டலில் இருவர் தங்கும் அறை, குளியலறை நீங்கலாக, 9 சதுர மீட்டர் இருந்தால் போதும். நம் கணக்கில் பத்தடிக்குப் பத்தடிக்கும் சற்றுக் குறைவு! அதற்குள்தான் கட்டில், மேசை, நாற்காலி எல்லாம்.

நட்சத்திரத்தைக் கண்டு மயங்கிவிடவும் கூடாது. ஐரோப்பா முழுவதற்கும் ஒரே நட்சத்திர முறை கிடையாது. இத்தாலியில் மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். வசதிகளை எண்ணிப் பார்த்துக் கொடுப்பதுதான் நட்சத்திரம். அறை அழகாக இருக்கும், தெரு அமைதியாக இருக்கும் என்று அது சொல்வதில்லை.

பல மலிவு ஓட்டல்கள் பழைய வீடுகளை மாற்றி அமைத்தவை. சிலவற்றில் லிப்ட் கிடையாது. ஆம்ஸ்டர்டாம் நகரின் பழைய வீடுகளில் படிகள் ஏணி போலச் செங்குத்தாக இருக்கும். பார்சிலோனாவில் இன்னொரு விசித்திரம். பழைய கட்டிடங்களில் தரைத்தளத்துக்கு மேல் இரண்டு தளங்களுக்குத் தனிப் பெயர் உண்டு. அவற்றைத் தாண்டிய பிறகுதான் "முதல் மாடி" என்று எண்ணத் தொடங்குவார்கள்! முழங்கால் வலி உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஐரோப்பா என்றால் குளிர்தானே என்று எண்ணுவதும் தவறு. 2019-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி, பாரிஸ் நகரில் 42.6 டிகிரி வெயில் அடித்தது. மலிவு அறைகள் பலவற்றில் குளிர்சாதனம் கிடையாது. தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியும் இருக்காது. கோடையில் வயதானவர்களை அழைத்துச் செல்பவர்கள் இதைக் கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

ஒரு கட்டிலா, இரண்டா?

இத்தாலியில் கணவனும் மனைவியும் போய், இருவர் அறை என்ற பொருளில் "தோப்பியா" என்று கேட்டால், தனித்தனியாக இரண்டு கட்டில்கள் போட்ட அறை கிடைக்கும்! தம்பதிகளுக்கு உரிய பெரிய கட்டில் வேண்டும் என்றால் "மாத்ரிமோனியாலே" என்று கேட்க வேண்டும். கல்யாணக் கட்டில் என்று பொருள்.

ஜெர்மனியில் கட்டில் ஒன்றாக இருக்கும். ஆனால் மெத்தை இரண்டு. பெரும்பாலும் ஒவ்வொன்றும் 90 சென்டி மீட்டர் அகலம். நடுவில் ஓர் இடுக்கு. அந்த இடுக்குக்கு ஜெர்மானியர்கள் வேடிக்கையாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். "விருந்தாளி இடுக்கு" என்று அதற்குப் பொருள்! குழந்தையை நடுவில் படுக்க வைத்தால், இரவு முழுவதும் அது இடுக்கில்தான் கிடக்கும்.

போர்வையும் ஆளுக்கு ஒன்று, தனித்தனி. தலையணை பல இடங்களில் 80 சென்டி மீட்டர் சதுரமாக இருக்கும். தலையை வைத்ததும் அப்படியே அமுங்கிவிடும்.

பிரான்சில் சிறிய ஓட்டல்களில் இருவர் கட்டில் 140 சென்டி மீட்டர் அகலம்தான். அதாவது, நாலரை அடிக்குச் சற்று அதிகம். கொஞ்சம் பருமனானவர்கள் இரண்டு பேர் படுத்தால், ஒருவர் திரும்பும்போது மற்றவரும் திரும்ப வேண்டியதுதான்!

பாய் விரிக்க முடியாது

நம் ஊரில் ஓர் அறை எடுத்தால், கட்டிலில் இருவர், கீழே பாய் விரித்து மூவர் என்று சமாளித்துவிடுவோம். அங்கே அது நடக்காது. அறைக்கு இத்தனை தலை என்று கணக்கு உண்டு. தீ விபத்து பற்றிய பாதுகாப்பு விதிகளும் இதற்கு ஒரு காரணம். இத்தாலியில், வந்து தங்குகிறவர்களின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் ஓட்டல்காரர் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆகவே, கூட ஓர் ஆளை உள்ளே விட்டால் வம்பு அவருக்கு!

இருவர் அறைக்குப் பணம் கட்டிவிட்டு, 8 வயதுப் பையனையும் அழைத்துக்கொண்டு போனால், இன்னோர் அறை எடுக்கச் சொல்லலாம். அறை காலி இல்லை என்றால் வெளியே போகச் சொல்லலாம். கெஞ்சிப் பயன் இல்லை. அதனால், முன்பதிவு செய்யும்போதே குழந்தைகளின் எண்ணிக்கையையும் வயதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கைக்குழந்தைக்குத் தொட்டில் வேண்டும் என்றால், அதையும் அப்போதே கேட்க வேண்டும்.

குளியலறை விநோதங்கள்

மிக மலிவான ஓட்டல்களில் குளியலறை அறைக்குள் இருக்காது. நடையின் கோடியில், எல்லோருக்கும் பொதுவாக இருக்கும். அறைக்குள்ளேயே இருந்தாலும், வாளியும் குவளையும் கிடையாது. குளிக்கும் இடத்தைத் தவிர மற்ற இடத்தில் தண்ணீர் போக வழி இருக்காது. தரையில் தண்ணீரைக் கொட்டினால், அது நேராகக் கட்டிலடிக்கு வந்துவிடும்! பயணப் பெட்டியில் ஒரு சிறிய பிளாஸ்டிக் குவளை வைத்துக்கொண்டால் பெரிய உபகாரம்.

குழாயில் "சி" என்ற எழுத்தைப் பார்த்தால், ஆங்கிலம் படித்தவர்கள் குளிர்ந்த நீர் என்று நினைப்பார்கள். இத்தாலியில் அது "கால்தோ". பிரான்சில் "ஷோ". இரண்டுக்கும் பொருள் சூடு! கை சுட்டுவிடும், ஜாக்கிரதை.

இத்தாலியில் குளிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கும். துணி காயப்போடும் கொடி என்று இழுத்துவிடாதீர்கள். அது ஆபத்து மணி! கழிவறைக்குப் பக்கத்தில் குட்டையாக இருக்கும் இன்னொரு தொட்டி, தண்ணீரால் சுத்தம் செய்துகொள்வதற்கு உரியது. வீடுகளில் ஒரு குளியலறையிலாவது அது இருக்க வேண்டும் என்று 1975-ல் உத்தரவே போட்டார்கள். நம்மவர்களுக்கு அது நல்ல வசதி.

மூட்டைப்பூச்சி உண்டா?

உண்டு! பிரான்சில் 2017 முதல் 2022 வரை நூற்றுக்கு 11 குடும்பங்கள் மூட்டைப்பூச்சித் தொல்லைக்கு ஆளானதாக அந்நாட்டின் சுகாதாரப் பாதுகாப்பு நிறுவனம் கூறியது. 2023-ல் பாரிஸ் நகரமே இதைப் பற்றிப் பேசியது. பணக்கார ஓட்டல், ஏழை ஓட்டல் என்ற பேதம் பூச்சிக்குக் கிடையாது. அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைக் கட்டில் மேல் வைக்காதீர்கள். முதலில் விரிப்பைத் தூக்கி, மெத்தையின் தையல் ஓரத்தைப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் உடனே வேறு அறை கேளுங்கள்.

பள்ளி ஆசிரியர் தந்த யோசனை

இதைவிடவும் மலிவு, "ஹாஸ்டல்" எனப்படும் இளைஞர் விடுதி. ரிச்சர்டு ஷிர்மான் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியரின் யோசனை இது. மாணவர்களுடன் நடைப்பயணம் போனபோது மழையில் மாட்டிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினார். அப்போது பிறந்த எண்ணம், 1912-ல் அல்டேனா கோட்டையில் விடுதியாக உருவாயிற்று. அந்தக் காலத்து மூன்றடுக்கு மரக் கட்டில்களை இன்றும் அங்கே காணலாம்.

இந்த விடுதிகளில் ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் படுப்பார்கள். ஆணும் பெண்ணும் ஒரே அறையில் படுக்கும் வழக்கமும் உண்டு. பெண் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள், பெண்கள் மட்டும் தங்கும் அறையா என்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். குடும்பத்துக்குத் தனி அறை தரும் விடுதிகளும் இருக்கின்றன. சாமான் பெட்டிக்குப் பூட்டு நம்முடையதாக இருந்தால் நல்லது.

கேட்க வேண்டிய ஐந்து

சுற்றுலா விசாவுக்கு மனுப் போடும்போதே எங்கே தங்கப் போகிறோம் என்று காட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே, கேட்க வேண்டியதை எல்லாம் ஊரில் இருக்கும்போதே கேட்டுவிடலாம்.

1. அறையில் எத்தனை பேர் தங்கலாம்? குழந்தைக்கும் கணக்கு உண்டா?

2. கட்டில் ஒன்றா, இரண்டா? அகலம் எவ்வளவு?

3. குளியலறை உள்ளேயா, வெளியேயா?

4. எத்தனையாவது மாடி? லிப்ட் உண்டா? இரவில் நேரம் கழித்து வந்தால் கதவைத் திறக்க ஆள் இருப்பாரா?

5. வாடகைக்கு மேல் ஊர் வரி எவ்வளவு? ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் வாடகையில் நூற்றுக்கு 12½ பங்கு இந்த வரிக்கே போகிறது!

பதிலை வாய்ச்சொல்லாக விட்டுவிடாமல், எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில், பாஷை தெரியாத ஊரில், உங்களுக்காகப் பேசுவது அந்தக் காகிதம்தான்.