பேக்கப் சர்வீஸ் அடிக்கடி நிற்கிறதா? புதிதாக மாட்டிய ஹார்ட் டிஸ்க்கையும் கொஞ்சம் பாருங்கள்

சர்வரின் பழைய பேக்கப் டிஸ்க் நிரம்பிவிட்டது. புதிதாக ஒரு 4 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி மாட்டியாச்சு. விண்டோஸ் அதை உடனே அடையாளம் காண்கிறது. ஒரு வீடியோவை காப்பி செய்து பார்த்தால் அதுவும் போகிறது. எல்லாம் சரி என்று கிளம்பிவிடுகிறீர்கள். அன்று இரவு ஓட வேண்டிய பேக்கப் பாதியிலேயே நின்றுபோகிறது. காலையில் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால், சில நிமிடங்களில் மறுபடியும் படுத்துவிடுகிறது.

இந்த இடத்தில் பெரும்பாலும் சாஃப்ட்வேரைத்தான் சந்தேகிப்போம். அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வோம். ஆனால் புதிய டிஸ்க்கும் பழைய பேக்கப் சேவையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததுதான் காரணமாக இருக்கலாம். தனித்தனியே பார்த்தால் இரண்டுமே நன்றாக இருக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு சிறிய டேட்டா குழுவில் இதே கதை நடந்தது. தொகுதிவாரியான தேர்தல் தரவுகளை மாதக்கணக்கில் சுத்தம் செய்து அந்த சர்வரில் வைத்திருந்தோம். ஒருவர் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தார். "பேக்கப்லேர்ந்து எடுத்துக்கலாம்" என்று போனபோதுதான், பதினோரு நாட்களாக பேக்கப்பே ஓடவில்லை என்பது தெரிந்தது. புதிய டிஸ்க் மாட்டி சரியாகப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

பேக்கப் நிற்பது அவ்வளவு பெரிய விஷயமா?

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்கின. நோயாளிகள் பதிவு உள்பட பல வேலைகள் நாட்கணக்கில் பேப்பர், பேனாவுக்குத் திரும்பின. இ-ஹாஸ்பிட்டல் தரவு முழுவதும், பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து மீட்கப்பட்டதாக மத்திய அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அந்த ஒரு பிரதி இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டமும் இதில் இருக்கிறது. 2022 ஆகஸ்ட்டில் திருத்தப்பட்ட நிறுவனக் கணக்கு விதிகளின்படி, கணக்குப் புத்தகங்களை மின்னணு வடிவில் வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி எடுத்து வைக்க வேண்டும். அதாவது, உங்கள் ஆபீஸ் கணக்கு சர்வரில் பேக்கப் பத்து நாள் நின்றால், அது ஐடி டீமின் தலைவலியாக மட்டும் முடியாது.

செக்டர்: பிரச்சினை தொடங்கும் இடம்

ஹார்ட் டிஸ்க் தரவை சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து எழுதுகிறது. ஒரு கட்டத்தின் பெயர் செக்டர். பல பத்தாண்டுகளாக ஒரு செக்டரின் அளவு 512 பைட். ஒவ்வொரு செக்டருக்கும் இடையே கொஞ்சம் இடைவெளியும், பிழை திருத்தும் குறியீட்டுக்கு கொஞ்சம் இடமும் தேவை. டிஸ்க் பெரிதாக ஆக, இதிலேயே நிறைய இடம் வீணானது. அதனால் எட்டு சிறிய செக்டர்களைச் சேர்த்து 4,096 பைட் கொண்ட ஒரே செக்டராக்கும் முறைக்குத் தயாரிப்பாளர்கள் மாறினர். 'அட்வான்ஸ்டு ஃபார்மேட்' என்ற இந்த முறைக்கு 2011 ஜனவரியிலிருந்து புதிய டிஸ்க்குகளை மாற்றுவது என்று தொழில்துறை முடிவெடுத்தது.

இன்று நீங்கள் வாங்கும் டிஸ்க் மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, உள்ளேயும் வெளியேயும் 512 பைட்டாக இருக்கும் பழைய வகை.

இரண்டாவது '512இ'. உள்ளே 4,096 பைட். ஆனால் கம்ப்யூட்டரிடம் "நான் 512தான்" என்று சொல்லிக்கொள்ளும்.

மூன்றாவது '4கே நேட்டிவ்'. உள்ளேயும் வெளியேயும் 4,096 பைட்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பழைய பார்ட்டிஷன் முறையால் 512 பைட் செக்டர்களை வைத்து சுமார் 2 டிபி வரைதான் எண்ண முடியும். இந்த வரம்பைத் தாண்டுவதற்காக, சில யூஎஸ்பி பெட்டிகள் உள்ளே இருக்கும் டிஸ்க்கை 4,096 பைட் டிஸ்க்காகக் காட்டும். அதே டிஸ்க்கை பெட்டியிலிருந்து கழற்றி நேரடியாக சர்வரில் மாட்டினால், தரவு படிக்க முடியாததுபோல் தெரிவதற்கும் இதுதான் காரணம்.

காப்பி ஆகுதே, பேக்கப் மட்டும் ஏன் நிற்குது?

நீங்கள் ஒரு ஃபைலை காப்பி செய்யும்போது, செக்டர் கணக்கை ஆபரேட்டிங் சிஸ்டமே பார்த்துக்கொள்கிறது. பேக்கப் சேவை அப்படி இல்லை. பல நேரங்களில் அது டிஸ்க்கோடு நேரடியாகப் பேசும். எந்த இடத்தில் எத்தனை பைட் எழுதுவது என்று தானே கணக்குப் போடும். அந்தக் கணக்கு 512 என்று வைத்துப் போடப்பட்டிருந்தால், 4,096 பைட் டிஸ்க்கில் அது தப்பாகிவிடும்.

விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 இதற்கு நல்ல உதாரணம். அதில் உள்ள விண்டோஸ் சர்வர் பேக்கப், தரவை 'விஎச்டி' என்ற மெய்நிகர் டிஸ்க் ஃபைலாக எழுதுகிறது. அந்த ஃபைல் வடிவமே 512 பைட் செக்டரை நம்பி உருவானது. அதன் உச்ச அளவும் சுமார் 2 டிபிதான். சர்வர் 2012இல் வந்த 'விஎச்டிஎக்ஸ்' வடிவம்தான் 4கே செக்டரை ஏற்றுக்கொண்டது. அதன் வரம்பு 64 டிபி.

512இ டிஸ்க்கிலும் சிக்கல் வரலாம். சில சேவைகள் தங்களுக்கென ஒரு சிறிய டேட்டாபேஸ் வைத்து, அதில் செக்டர் அளவையும் குறித்துக்கொள்கின்றன. அந்தத் தரவை வேறு அளவு கொண்ட புதிய டிஸ்க்குக்கு மாற்றினால், "லாக் ஃபைலின் செக்டர் அளவு பொருந்தவில்லை" என்ற பிழையோடு சர்வீஸ் தொடங்க மறுக்கும்.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல் வேலை, சர்வீஸை திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்வதை நிறுத்துங்கள். ஈவென்ட் வியூவரைத் திறந்து, சர்வீஸ் முதன்முதலில் விழுந்த தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் மாட்டிய தேதியோடு அது ஒத்துப்போகிறதா? ஒத்துப்போனால் பாதி விடை கிடைத்துவிட்டது.

அடுத்து, பேக்கப் எதுவும் ஓடாத நேரத்தில் டிஸ்க்கை முறையாக நீக்கிவிட்டு சர்வீஸைத் தொடங்குங்கள். நிற்காமல் ஓடினால் சந்தேகம் டிஸ்க் மீது. அப்போதும் விழுந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

மூன்றாவது, செக்டர் அளவைப் பாருங்கள். விண்டோஸின் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' கருவியில் ஸ்டோரேஜ் பகுதிக்குள் டிஸ்க்குகள் பட்டியல் இருக்கும். அதில் ஒரு செக்டருக்கு எத்தனை பைட் என்ற வரியில் 4,096 என்று இருந்தால், அது 4கே நேட்டிவ் போல நடந்துகொள்ளும் டிஸ்க். 512 என்று இருந்தால், அது நிஜமான 512ஆ அல்லது 512இ வகையா என்று தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் எண்ணை வைத்துப் பார்க்கலாம்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும்போது 'அலோகேஷன் யூனிட்' 4,096 என்று காட்டும். அது செக்டர் அளவு அல்ல. ஃபார்மேட்டில் அதை மாற்றினாலும் செக்டர் மாறாது.

எப்படிச் சரி செய்வது?

டிஸ்க் 512இ என்றால் பெரும்பாலும் செலவில்லாமல் முடியும். சர்வர் 2008 ஆர்2வில் சர்வீஸ் பேக் 1 இருக்க வேண்டும். கூடவே இந்த வகை டிஸ்க்குகளுக்காக மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 982018 என்ற எண் கொண்ட அப்டேட்டும் தேவை. ஸ்டோரேஜ் கன்ட்ரோலரின் டிரைவரையும் புதுப்பிக்க வேண்டும். அப்டேட்டை மட்டும் போட்டுவிட்டு டிரைவரை மறந்துவிடுவது பலர் செய்யும் தவறு.

டிஸ்க் 4கே நேட்டிவ் என்றால், 2008 ஆர்2வில் அதற்கு ஆதரவே கிடையாது. இரண்டு வழிகள்தான். ஒன்று, 512இ டிஸ்க்காக மாற்றி வாங்குவது. இன்னொன்று, சர்வரையே புதிய பதிப்புக்கு மாற்றுவது. 2008 ஆர்2வுக்கான வழக்கமான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பாதுகாப்பு நோக்கில் இரண்டாவதுதான் நல்லது. சில நிறுவனத் தர டிஸ்க்குகளை 512இ, 4கே என மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. ஆனால் அப்படி மாற்றினால் டிஸ்க்கில் இருப்பது முழுவதும் அழிந்துவிடும். ஒரே பேக்கப் அதில்தான் இருக்கிறது என்றால் கை வைக்காதீர்கள்.

இது பழைய சர்வர் பிரச்சினை மட்டும்தானா?

இல்லை. விண்டோஸ் 11 வந்தபோது இதே கதை வேறு வடிவில் திரும்பியது. சில என்விஎம்இ டிஸ்க்குகள் தங்கள் செக்டர் 4,096ஐவிடப் பெரியது என்று தெரிவித்தன. எஸ்கியூஎல் சர்வர் 512, 4,096 இரண்டை மட்டுமே ஏற்கும் என்பதால், அத்தகைய கம்ப்யூட்டர்களில் அது தொடங்கவே இல்லை. அளவை 4,096 என்று காட்டவைக்கும் ரெஜிஸ்ட்ரி மாற்றத்தை மைக்ரோசாஃப்ட் தீர்வாக வெளியிட்டது.

செக்டரைத் தாண்டியும் பொருத்தமின்மை உண்டு. 2020இல், வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'ரெட்' வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில டிஸ்க்குகள், தரவுத் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி எழுதும் 'எஸ்எம்ஆர்' முறையில் இருப்பது தெரியவந்தது. பல டிஸ்க்குகள் சேர்ந்த நாஸ் கருவிகளில் பழுதான டிஸ்க்கை மாற்றி மறுபடி கட்டமைக்கும்போது இவை திணறியதாகப் பயனர்கள் புகார் சொன்னார்கள். எந்த மாடலில் எந்த முறை என்ற பட்டியலை நிறுவனம் அதன்பிறகுதான் வெளியிட்டது. ஆகவே வாங்கும் முன் கொள்ளளவையும் விலையையும் மட்டும் பார்த்தால் போதாது. செக்டர் வகை, எழுதும் முறை, சர்வர் தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியல் மூன்றையும் பாருங்கள்.

"சரியாயிடுச்சு" என்று எப்போது சொல்லலாம்?

சர்வீஸ் ஓடுகிறது என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினீயர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸை அழித்தார். தினசரி பேக்கப்பைத் தேடினால் அங்கே எதுவும் இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் இருக்க, பேக்கப் கருவி 9.2 பதிப்பில் ஓடியதால் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதிதான் கைகொடுத்தது. இடைப்பட்ட தரவு போனது போனதுதான்.

எனவே டிஸ்க்கை மாற்றிய பிறகு பழைய பேக்கப்பைத் தொடராமல், முழு பேக்கப் ஒன்றைப் புதிதாக எடுங்கள். அதிலிருந்து ஒரு ஃபோல்டரையாவது வேறு கம்ப்யூட்டரில் மீட்டு, ஃபைல்களைத் திறந்து பாருங்கள். தோல்வி எச்சரிக்கை யாருக்குப் போகிறது, அவர் இன்னும் அதே ஆபீஸில்தான் இருக்கிறாரா என்பதையும் சரிபாருங்கள்.

எங்கள் குழுவில் அந்தப் பதினோரு நாள் வேலையை மூன்று பேர் உட்கார்ந்து திரும்பவும் செய்தோம். அதன்பிறகு மாதத்தின் முதல் திங்கட்கிழமை, யாராவது ஒருவர் பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலை மீட்டுத் திறந்து காட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். பத்து நிமிட வேலை. உங்கள் ஆபீஸில் கடைசியாக அப்படித் திறந்து பார்த்தது எப்போது என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.