பாலாற்றங்கரையில் மாங்குயில்

தோல் பதனிடும் தொழிலால் பெயர்பெற்ற ராணிப்பேட்டை வட்டாரத்தில், ஆற்றங்கரைத் தோப்புகளுக்கும் ஏரிக்கரை ஆலமரங்களுக்கும் குளிர்காலந்தோறும் வரும் பறவைகளுள் நிறத்தால் முதலிடம் பெறத்தக்கது மாங்குயில். பாடும் பறவைகள் என்று பறவையியல் வகுத்திருக்கும் பெரும் பிரிவைச் சேர்ந்தது இது. அப்பிரிவு குரலின் இனிமையை அளவுகோலாகக் கொண்டதன்று. மூச்சுக்குழல் இரண்டாகக் கிளைக்கும் இடத்தில் அமைந்த குரலுறுப்பின் தசையமைப்பு முதலிய உடற்கூறுகளைக் கொண்டு வகுக்கப்பட்டது. ஆகவேதான் கரையும் காகத்துக்கு அதில் இடமுண்டு, கூவும் குயிலுக்கு இல்லை.

மைனாவின் பருமனும் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமும் உடைய இப்பறவையில், ஆணின் உடல் பொன்மஞ்சளாகவும், இறக்கையும் வாலின் நடுப்பகுதியும் கறுப்பாகவும், அலகு இளஞ்சிவப்பாகவும் இருக்கும். அலகிலிருந்து தொடங்கும் மைக்கோடு கண்ணைக் கடந்து பின்னும் நீளும். ஐரோப்பாவில் வாழும் மாங்குயிலில் இக்கோடு கண்ணோடு நின்றுவிடுகிறது. 1832-இல் சைக்ஸ் என்பவர் தனி இனமாக விவரித்த இந்திய மாங்குயில், பின்னர் நெடுங்காலம் ஐரோப்பிய இனத்தின் கிளையாகவே எண்ணப்பட்டு, 2005-க்குப் பிறகே மீண்டும் தனி இனமாக ஏற்கப்பட்டு வருகிறது. பெண் பறவை பச்சை கலந்த மங்கிய மஞ்சள் நிறமும், வெளிறிய வயிற்றில் மெல்லிய கோடுகளும் கொண்டு இலைகளோடு இலையாகக் கலந்துவிடும். மஞ்சள் நிறத்தைத் தரும் கரோட்டினாய்டு என்னும் நிறமியைப் பறவைகளின் உடல் தானே ஆக்கிக்கொள்வதில்லை. உணவின் வழியாகவே பெறுகிறது. அதாவது, மாங்குயிலின் பொன்னிறம் அது தின்ற உணவிலிருந்து வந்தது.

இத்தனை பளிச்சென்ற பறவை எளிதில் கண்ணில் படுவதில்லை என்பதுதான் வியப்பு. அடர்ந்த மரங்களின் உச்சியை விட்டு அது தரைக்கு வருவது மிக அரிது. உச்சியிலோ வெயிலும் இலையும் கலந்த மஞ்சளும் பச்சையும் அதன் உடலை மறைத்துவிடுகின்றன. குழலோசை போன்ற ‘பீ-லோ-லோ’ என்ற குரலும், இடையிடையே எழும் கரகரத்த கத்தலுமே அதன் இருப்பைக் காட்டிக்கொடுக்கும். ஒரு மரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாழ்ந்தும் உயர்ந்தும் அலைபோலப் பறக்கும் சில நொடிகளே காண்பவர்க்கு வாய்ப்பு. ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் கனிகளும், கல்யாண முருங்கை, இலவம் ஆகியவற்றின் மலர்த்தேனும், கம்பளிப்புழு உள்ளிட்ட பூச்சிகளும் அதன் உணவு. தின்ற கனிகளின் விதைகளை வேறிடங்களில் எச்சத்தோடு இட்டு மரங்கள் பரவவும் அது துணைபுரிகிறது.

இனப்பெருக்கம் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வட இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் நிகழ்கிறது. கிளைக்கவட்டில் தூளிபோலத் தொங்கும் கிண்ணக் கூட்டை, பல வேளைகளில் கரிச்சான் கூடு கட்டிய அதே மரத்தில் அமைக்கும். காகத்தையும் பருந்தையும் துரத்தியடிக்கும் கரிச்சானின் வீரம் அண்டை வீட்டுக்கும் காவலாகிறது.

இப்பறவைக்கு வேண்டுவது உயர்ந்து அடர்ந்த பழைய மரங்கள். ஒன்பது லட்சம் மரங்கள் இருந்ததாகச் சொல்லப்பட்டதால் பெயர்பெற்ற நவ்லாக் தோட்டம் ராணிப்பேட்டைக்கு அருகே இருந்ததை எண்ணினால், இவ்வட்டாரம் ஒருகாலத்தில் எவ்வளவு தோப்புச் செல்வம் உடையது என்பது விளங்கும். ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்ட வழக்கம் குறைந்து குரோமிய உப்பின் பயன்பாடு பெருகியபின், இங்கே மண்ணும் நிலத்தடி நீரும் கெட்டது பலரும் அறிந்த செய்தி. சாலை அகலப்படுத்தலில் ஓரத்து மரங்கள் வீழ்ந்தது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. நட்ட கன்று ஆலாகிக் கனி தரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், மாங்குயிலைப் பொறுத்தவரை எஞ்சிய ஏரிக்கரை மரங்களைக் காப்பதே புதிய நடவை விட அவசரமானது.

அக்டோபரை ஒட்டி வரும் இப்பறவைகள் ஏப்ரலுக்குள் பெரும்பாலும் வடக்கே திரும்பிவிடுகின்றன. அதன்பின் கோடையிலும் தமிழகத் தோப்புகளில் மஞ்சள் பறவை தென்பட்டால், அதன் தலையைக் கவனிக்க வேண்டும்: தலையும் தொண்டையும் முழுக்கக் கறுத்திருந்தால், அது ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் உறவினமான கருந்தலை மாங்குயில்.