ஊராயிருந்த காடு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பள்ளி விடுமுறையில் கொழும்பை விட்டுப் புறப்படுமாயின், நல்லூர்த் திருவிழாவையோ மடுமாதாவின் பெருநாளையோ கதிர்காமக் கந்தனையோ முன்னிட்டுப் புறப்படும்; அல்லது உறவினர் வீட்டுக் கலியாணமொன்று காரணமாகும்; இவை ஒன்றும் இல்லாதபோது, சித்திரை மாதத்து வெக்கைக்கு அஞ்சி நுவரெலியாவின் குளிரை நாடும். காட்டைப் பார்ப்பதற்கென்றே காட்டுக்குப் போவது நம்மவரிடையே அண்மைக்காலம் வரை வழக்கமாயிருக்கவில்லை. நம் முன்னோர் காட்டை அறியாதவர் என்று இதற்குப் பொருளாகாது. உகந்தை முருகனைத் தரிசித்துவிட்டுக் குமண, யால வனங்களின் ஊடாகக் கதிர்காமம் வரை கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டம் இன்றைக்கும் ஆண்டுதோறும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆயினும் அது கடந்து செல்வதற்கான காடு. இளைப்பாறவும் உல்லாசமாகப் பொழுதைக் கழிக்கவும் உரிய இடமாக அதனை அவர்கள் கருதியதில்லை.

அவ்வாறு கருதிப் போக விரும்புவோருக்கு, இத்தீவின் தேசிய வனங்களுள் மிகப் பெரியதும், தமிழருடைய பழைய வாழ்வோடு நெருங்கிய சம்பந்தமுடையதுமான வில்பத்துவையே முதலில் சொல்லவேண்டும் என்பது என் அபிப்பிராயம். தெற்கே கலா ஓயாவையும் வடக்கே மோதரகம் ஆற்றையும் மேற்கே கடலையும் எல்லைகளாகக் கொண்டு, ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீற்றர் பரப்பில் அது விரிந்து கிடக்கிறது. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளத்தை அடைந்து, அங்கிருந்து அநுராதபுரம் செல்லும் வீதியில் திரும்பி, பின் இடப்புறமாக உள்ளே சென்றால் ஹுனுவில்கம என்னும் இடத்தில் பிரதான வாயில் இருக்கிறது. தூரம் 180 கிலோமீற்றர் அளவில் ஆகும். வழியில் முன்னேஸ்வரத்தில் இறங்கி ஈசனை வணங்கிச் செல்வதற்கும் தடையில்லை; அதனால் வீட்டுப் பெரியவர்களின் சம்மதமும் எளிதில் கிடைக்கும்.

இக்காட்டைக் காப்பாற்ற முதலில் முனைந்தவர்கள் வேட்டைக்காரர்கள் என்பது வேடிக்கையான உண்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் துரைமார் யானைகளையும் மரைகளையும் கணக்கின்றிச் சுட்டுத் தள்ளியதன் பயனாக, இனிமேல் சுடுவதற்கு ஒன்றும் மிஞ்சாதோ என்ற அச்சம் அவர்களிடையே எழுந்தது. 1894இல் வேட்டை விலங்குகளின் பாதுகாப்புக்கென ஒரு சங்கம் தோன்றியது. 1905இல் வில்பத்து சரணாலயமாக்கப்பட்டது. 1938 பெப்ரவரியில், யால வனத்தோடு சேர்த்து, தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. உலகத்தின் முதல் தேசிய வனம் என்று சொல்லப்படும் யெலோஸ்டோன் அமெரிக்காவில் 1872இலேயே உருவாகிவிட்டது; எனினும், மக்கள் தொகை மிகுந்த நமது சிறு தீவில் இவ்வளவு நிலத்தை ஒதுக்கிவைக்க இணங்கியது சாமானிய காரியமன்று.

வில்பத்துவின் விசேஷம் அதன் வில்லுகளே. அவை மனிதர் கட்டிய குளங்கள் அல்ல. அணையும் மதகும் அவற்றுக்கு இல்லை. நிலம் இயல்பாகவே தாழ்ந்து அகன்று, சுற்றிலும் மணல் விளிம்போடு அமைந்திருக்கும் அப்பள்ளங்களில், வடகீழ்ப்பருவக் காற்றோடு வரும் ஐப்பசி கார்த்திகை மழை நிரம்பி நிற்கும். ஆறுகளோடு தொடர்பில்லாத அந்த நீர், வெயில் ஏற ஏறத் தானாகவே சுருங்கி, ஆடி ஆவணியில் நடுவே ஒரு தகடளவாக எஞ்சும். நீர் பின்வாங்கிய இடமெல்லாம் புல் முளைக்கும். புல்லுக்குப் புள்ளிமான் வரும், எருமை வரும், யானை வரும். மீனுக்கு நாரையும் கொக்கும் நீர்க்காகமும் வரும். வருபவற்றை எதிர்நோக்கி முதலை கரையில் கிடக்கும். நீர்நிலை ஒன்று வற்றுவதே பிற உயிர்களுக்கு வாழ்வாகும் இந்த ஏற்பாட்டின் அருமையை நோக்கித்தான், வில்பத்துவையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் 2013இல் சேர்த்தார்கள். வில்லுகளின் பெயர்களில் சிங்களமும் தமிழும் கலந்தே வழங்குகின்றன. நெலும் வில ஒரு பக்கம் இருக்க, குருட்டுப்பாண்டி வில்லு இன்னொரு பக்கம் இருக்கிறது. அந்தப் பாண்டி யாரோ!

வில்லுகளுக்கு இடையில் இருப்பது உலர்வலயக் காடு. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் அடர்ந்து, பாதையின் இருமருங்கும் சுவரெழுப்பியது போல நிற்பதால், யாலவின் வெட்டவெளிகளில் பழகிய கண்களுக்கு வில்பத்து முதல் இரண்டு மணி நேரம் ஏமாற்றத்தையே கொடுக்கும். பின்னாசனத்திலிருந்து, “அப்பா, ஒண்டையும் காணேல்லையே” என்று பிள்ளை சிணுங்குவதும், “பொறு ராசா, வரும்” என்று தகப்பன் தனக்கே நிச்சயமில்லாமல் சொல்வதும் அங்கே ஓடும் ஒவ்வொரு ஜீப்பிலும் கேட்கும் பேச்சு. ஆனி, ஆடி மாதங்களில் பாலைப்பழம் கனியும் காலத்தில் கரடி மரமேறிப் பழம் தின்பதைக் காணும் பாக்கியம் சிலருக்குக் கிடைக்கிறது. அதற்கும் மரத்தடியில் வாகனத்தை நிறுத்திப் பேசாமல் காத்திருக்கத் தெரிந்திருக்கவேண்டும்.

வருவோரில் பெரும்பாலார் கேட்பது சிறுத்தை. வேங்கையும் சிங்கமும் இல்லாத இத்தீவில் காட்டின் ஆதிக்கம் முழுவதும் சிறுத்தையினுடையது. தன்னை விடப் பெரிய வேட்டை மிருகம் ஒன்றுக்கு அஞ்சி ஒளியவேண்டிய தேவை இல்லாமையால் அது பட்டப்பகலிலும் வில்லின் மணற்கரையில் வந்து படுத்திருக்கும். ஒரு சாரதி கண்டுவிட்டால் மற்றவர்களுக்குக் கைத்தொலைபேசியில் செய்தி பறக்கிறது. சற்று நேரத்தில் பத்துப் பதினைந்து ஜீப்புகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரே இடத்தில் முண்டியடிக்கின்றன. காலி வீதியின் மாலை நெரிசலை விட்டு ஓடிவந்தவர்கள் அதே நெரிசலைக் காட்டுக்குள் உண்டாக்கிவிட்டு, ஒரு வாலின் நுனியைக் கமராவில் பிடித்துக்கொண்டு திரும்புவதை உல்லாசம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இலங்கைச் சிறுத்தையை ஒரு தனி உபஜாதியாக வகுத்து அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் கலாநிதி பி. ஈ. பி. தெரணியகல. கொழும்புத் தேசிய நூதனசாலையின் பணிப்பாளராயிருந்த அப்பேரறிஞர் அப்பெயரை 1956இல் வெளியிட்டார். அதே காலத்தில், 1956, 57ஆம் ஆண்டுகளில், வில்பத்துவின் தென்மேற்கு மூலையிலுள்ள பொம்பரிப்பில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தவரும் அவரே. அங்கே அவர் தேடியவை மனிதருடைய எலும்புகள்.

பொம்பரிப்பு சாதாரண இடமன்று. கலா ஓயாவுக்கு அண்மையில், கடலிலிருந்து சிறிது தூரத்தில், காட்டின் செம்மண்ணுக்கடியில் ஈமத்தாழிகள் வரிசை வரிசையாகப் புதைந்திருக்கின்றன. 1924இல் தொல்பொருள் ஆணையாளராயிருந்த ஹோகாட் முதலில் அகழ்ந்தார். தெரணியகல பின்னர் அகழ்ந்தார். 1970இல் தொல்பொருள் திணைக்களமும் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து அகழ்ந்தார்கள். எலும்புகளைப் பெரிய தாழியில் இட்டு, பக்கத்தில் கறுப்புச் சிவப்பு மட்கலங்களை வைத்து, மூடிப் புதைக்கும் இம்முறை, தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரின் முறையை மிக ஒத்திருப்பதை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். பாண்டிநாட்டுக் கரைக்கும் புத்தளக் கரைக்கும் இடையே இருப்பது ஒடுங்கிய கடல்தான். ஒரே காற்றில் பாய்விரித்து, ஒரே முத்துப்படுக்கையில் மூழ்கி, இறந்தோரை ஒரே விதமாய் அடக்கம் செய்த மக்கள் இரு கரையிலும் வாழ்ந்தார்கள் என்று எண்ணுவதற்கு அதிகம் பிரயாசைப்பட வேண்டியதில்லை. இங்கே தாழி இருக்குமாயின் பக்கத்தில் ஊர் இருந்திருக்கவேண்டும். ஊர் இருந்ததாயின் வயலும் பாதையும் இருந்திருக்கவேண்டும். இன்று அவ்விடத்தில் யானை நடமாடுகிறது.

வில்பத்துவை ‘மனிதன் தீண்டாத கன்னிவனம்’ என்று உல்லாசப் பிரயாணத் துண்டுப்பிரசுரங்கள் வர்ணிப்பதை ஆகவே நான் ஏற்பதற்கில்லை. அது மனிதன் உழுது, குளம் கட்டி, வாணிபம் செய்து, பிறகு விட்டுப்போன நாடு. வில்லுகளுக்கிடையே அநுராதபுரக் காலத்துக் குளங்களும் கிடக்கின்றன. கடற்கரையில் குதிரைமலை என்னும் செம்மண் முனை இருக்கிறது. விஜயனும் தோழரும் கரையேறிக் களைத்துக் கையூன்றியபோது உள்ளங்கை செம்பு நிறமானது என்று மகாவம்சம் கூறும் தம்பபண்ணி இதுவே என்பர் சிலர். குவேனியின் மாளிகை இங்கே இருந்தது என்று வழிகாட்டிகள் கதை சொல்வர். செங்கடலில் உரோம அரசின் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒருவனுடைய ஊழியன் காற்றில் அகப்பட்டு இத்தீவின் துறையொன்றில் ஒதுங்கினான் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். அத்துறை குதிரைமலையே என்பது அறிஞர் பலரின் துணிபு. தமிழர்களோ அல்லி அரசாணியை இக்கரைக்கு உரியவளாக்கியிருக்கிறார்கள். வடக்கே அரிப்பில் ஆங்கிலத் தேசாதிபதி நோர்த் கட்டுவித்த மாளிகையின் இடிபாட்டைக்கூட அல்லிராணிக் கோட்டை என்றே வழங்கும் அளவுக்கு அக்கதை வேரூன்றிவிட்டது.

காடு விழுங்கிய ஊர்கள் புராணகாலத்தோடு முடிந்துவிடவில்லை. மோதரகம் ஆற்றுக்கு அப்பால் மறிச்சுக்கட்டி என்ற இடத்தில், வில்பத்து சரணாலயமான அதே 1905இல், முத்துக்குளிப்பு நடைபெற்றது. தமிழகத்திலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்த பல்லாயிரம் பேருக்காக ஓலையும் தடியும் கொண்டு ஒரு நகரமே சில வாரங்களுக்கு எழுந்தது. அடுத்த ஆண்டுக் குளிப்பில் மேற்பார்வைக்கு அனுப்பப்பட்ட இளம் உத்தியோகத்தர்களுள் ஒருவர் லெனாட் வூல்ஃப். பின்னாளில், தென்னிலங்கைக் காடு ஒரு கிராமத்தை மெல்ல மெல்ல விழுங்கித் தீர்ப்பதைக் கருவாகக் கொண்டு 1913இல் நாவல் எழுதியவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது இப்பிரதேசத்து ஊர்களும் வெறுமையாயின. இருபது ஆண்டுகளின் பின் அவர்கள் திரும்பிவந்தபோது முற்றத்தில் மரம் வளர்ந்திருந்தது. தேசிய வனத்துக்கு வடக்கே அவ்வாறு கிடந்த நிலங்கள் ஒதுக்கக் காடுகளாக வர்த்தமானியிலும் ஏறியிருந்தன. இது எங்கள் ஊர் என்பவர்களுக்கும் இது காடு என்பவர்களுக்கும் மூண்ட வழக்கில், மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் அங்கே நடந்த காடழிப்பு சட்டவிரோதமானது என்று தீர்த்து மீண்டும் மரம் நடப் பணித்தது. சட்டத்தின் தீர்ப்பு அது. ஆயினும் அகதிமுகாமிலிருந்து திரும்பிவந்தவனுடைய மனநிலையையும் எண்ணிப் பார்க்காமல், கொழும்பில் மின்விசிறிக்குக் கீழ் இருந்துகொண்டு அவனைக் காட்டின் சத்துரு என்று ஏசுவது நியாயமாகாது.

யுத்தம் வில்பத்துவையும் விட்டுவைக்கவில்லை. 1985 மே மாதம் அநுராதபுரத்தில் நடந்த படுகொலையின் தொடர்ச்சியாக இக்காட்டினுள்ளும் பலர் கொல்லப்பட்டனர். எண்பதுகளின் இறுதியில் மூடப்பட்ட வாயில் 2003இல் திறந்தது. தமிழ்ப் பெண்ணொருத்தியும் சிங்கள இராணுவ அதிகாரி ஒருவனும் ஆனையிறவிலிருந்து தப்பி இவ்வனத்தினூடே நடந்து செல்வதாக ஒரு நாவல் எழுதிப் பரிசு பெற்ற நிஹால் டி சில்வா, 2006 மே 27ஆம் திகதி, நண்பர்களோடு காடு பார்க்க வந்த இடத்தில் கண்ணிவெடியில் மாண்டார். மீண்டும் மூடிய வாயில் 2010இல்தான் திறக்கப்பட்டது.

இனி, போக விரும்புவோர் அறியவேண்டிய சில. வனசீவராசிகள் திணைக்களத்தின் தேசிய வனத்தில் அனுமதிக்கப்பட்ட சில இடங்களில் அன்றி வாகனத்தை விட்டு இறங்கக்கூடாது. காலை ஆறு மணிக்குத் திறக்கும் வாயில் மாலை ஆறுக்கு மூடும். காலால் நடந்து மரத்தைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுவோர் வனத் திணைக்களத்தின் ஆளுகைக்குட்பட்ட சிங்கராஜவுக்குப் போகலாம். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டத் தொடங்கி, பொதுமக்களின் எதிர்ப்பால் 1977இல் நிறுத்தப்பட்டு, 1988இல் உலக மரபுரிமையான அந்த மழைக்காட்டில் வழிகாட்டியோடு நடக்கலாம். அட்டை கடிக்கும், அதற்கு அஞ்சுவோர் வில்பத்துவோடு திருப்தியடைவதே உத்தமம்.

வில்பத்துவினுள் திணைக்களத்தின் பங்களாக்கள் உண்டு. முன்கூட்டியே பதிவு செய்து, அரிசி பருப்பு முதல் குடிதண்ணீர் வரை கொழும்பிலிருந்தே கொண்டுபோனால், அங்குள்ள காவலர் சமைத்துக் கொடுப்பார். பெப்ரவரி முதல் ஒக்டோபர் வரை செல்வதற்கு ஏற்ற காலம். கொண்டுபோன பிளாஸ்டிக் போத்தல்களையும் பார்சல் தாள்களையும் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். மானும் யானையும் அவற்றை உணவென்று எண்ணி விழுங்கிவிடும். ஹுனுவில்கமவில் ஜீப் பேசும்போது அரைநாள் பிரயாணம் போதும் என்று சாரதிகள் சொல்வார்கள். சிறுத்தைக்கு அது போதலாம், குதிரைமலைக்குப் போதாது. கடற்கரை வரை போய்த் திரும்ப முழுநாள் வேண்டுமாகையால், குதிரைமலை என்று முதலிலேயே சொல்லிப் பேசிக்கொண்டு, வாயில் திறக்கும் வேளைக்கே புறப்பட்டுவிட வேண்டும்; பொம்பரிப்புப் பக்கத்தையும் காண எண்ணுவோர் புத்தளத்திலிருந்து எலுவன்குளம் வாயிலால் நுழைவது சௌகரியம்.