காரைக்கால் அம்மையார் சிற்பங்கள்

காரைக்கால் அம்மையார் சிற்பங்கள் என்பவை, அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவரான காரைக்கால் அம்மையாரைத் தசை வற்றி எலும்பு தெரியும் பேயுருவில் காட்டும் கற்சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் ஆகும். அம்மையார் பிறந்த காரைக்கால் இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் உள்ளது. அடியார்களையும் வனப்புடன் வடிப்பதே சோழர் காலச் சிற்பிகளின் பொது வழக்கம். அதற்கு இவை அரிய விதிவிலக்கு.

பேயுருவின் பின்னணி

சேக்கிழாரின் பெரிய புராணம் (12ஆம் நூற்றாண்டு) கூறுவதன்படி, அம்மையாரின் இயற்பெயர் புனிதவதி. மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன் அவரைப் பிரிந்து, பாண்டி நாட்டில் வேறொரு பெண்ணை மணந்தான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். சுற்றத்தார் அம்மையாரை அங்கு அழைத்துச் சென்றபோது, மனைவி மகளுடன் அவர் காலில் விழுந்தான். கணவனுக்காகத் தாங்கிய அழகுடல் இனி வேண்டா என்று இறைவனை இறைஞ்சி, அம்மையார் பேய்வடிவம் பெற்றார். ஆகவே இம்மெலிவு நோயாலோ பசியாலோ நேர்ந்ததன்று, கேட்டுப் பெற்றது. கதையறியாது சிற்பத்தை மட்டும் காண்போர்க்கு இது புலப்படுவதில்லை.

உருவ அமைப்பு

விலா எலும்புகள் வரிவரியாகத் தெரியும். மார்பு வற்றித் தொங்கும், வயிறு குழிந்திருக்கும். கைகளில் தாளம் இருக்கும். அம்மையார் தாம் பாடிய மூத்த திருப்பதிகத்தில் ஆலங்காட்டுப் பெண்பேயை ஏறத்தாழ இவ்வாறே வருணிக்கிறார். சிற்பிகள் அவ்வருணனையையே அவருக்கு உடலாக்கினர் எனலாம். கங்கைகொண்ட சோழபுரத்தில் (11ஆம் நூற்றாண்டு) ஆடவல்லானின் அடியருகே அமர்ந்து தாளமிடுகிறார். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும், கேன்சசு நகரின் நெல்சன்-அட்கின்சு அருங்காட்சியகத்திலும் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் உள்ளன. கோயில்களின் அறுபத்துமூவர் வரிசையில் ஏனையோர் நிற்க, இவர் மட்டும் அமர்ந்திருப்பார்.

செருமானிய மரச்சிற்பங்களுடன் ஒப்பீடு

ஏறத்தாழ 1300 முதல் 1325 வரையான காலத்தைச் சேர்ந்த, வண்ணம் தீட்டிய மரச்சிற்பமொன்று பான் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. ரோட்கன் பியத்தா எனப்படும் அதில், இறந்த இயேசுவை மரியா மடியில் கிடத்தியிருக்கிறார். தமிழ்க் கத்தோலிக்கர் வியாகுல மாதா என வணங்கும் துயர அன்னையே இவர். விலா எலும்பு புடைத்த உடல், உறைந்த குருதி, அழுகையில் கோணிய அன்னையின் முகம் ஆகியவை, காண்போர் அவ்வலியைத் தாமும் உணர்ந்து மன்றாட வேண்டும் என்பதற்காகவே செதுக்கப்பட்டவை. கோல்ன் நகரத் தேவாலயமொன்றிலுள்ள 1304ஆம் ஆண்டின் மரச் சிலுவையும் இவ்வகையினதே.

அம்மையாரின் உடலிலும் அதே எலும்புகள் தெரிகின்றன. ஆனால் முகத்தில் வலி இல்லை, அவர் பாடிக்கொண்டிருக்கிறார்.

தமிழகத்துக்கு வெளியே

கம்போடியாவின் பந்தியாய் சிரீ கோயிலில் (967) ஆடும் சிவனருகே மெலிந்த பெண்ணுருவம் ஒன்று உள்ளது. அறிஞர்கள் அதனைக் காரைக்கால் அம்மையார் என அடையாளம் காண்கின்றனர். இது கங்கைகொண்ட சோழபுரச் சிற்பத்துக்கும் முந்தியது.