மாயூரம் ஈன்ற சதுரங்க மன்னர்

‘ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா’ என்பது முன்னோர் மொழி. அம்பிகை மயிலுருக் கொண்டு மயூரநாதரைப் பூசித்த அத்திருத்தலத்தில், 1969 டிசம்பர் 11 அன்று அவதரித்தவர் விசுவநாதன் ஆனந்த். பேரக்குழந்தைகளுக்குக் கதை சொல்லும் பெரியோர் இவர் வரலாற்றையும் சொல்லலாம்.

6 வயதில் அவருக்குச் சதுரங்கம் கற்பித்த முதற்குரு, அன்னை சுசீலா. தந்தையாரின் பணி நிமித்தம் குடும்பம் மணிலாவில் வசித்தது. பிள்ளை பள்ளியில் இருக்கும் வேளையில், தொலைக்காட்சியில் வரும் சதுரங்கப் புதிர்களை அன்னை குறித்து வைப்பார். மாலையில் இருவரும் விடை கண்டு அனுப்புவர். பரிசாக வந்தவை நூல்களே!

1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2010-இல் உலகப் பட்டத்தைக் காக்க பல்கேரியா செல்கையில், எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றன. சுமார் 40 மணி நேரம் சாலைப் பயணம். 3 நாள் அவகாசம் கேட்டார். 1 நாளே கிடைத்தது. முதல் ஆட்டத்தில் தோல்வி. ஆயினும் மனங்கலங்காமல், 12-ஆவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு ஆடி டோபலோவை வென்றார்.

2013-இல், தாம் வளர்ந்த சென்னையிலேயே கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். அதனால் சோர்ந்து ஒதுங்கவில்லை, இளையோருக்கு வழிகாட்டியானார். அவர்களுள் ஒருவரான குகேஷ், 2024-இல் தம் 18-ஆம் வயதில் உலக வாகையர் ஆனார்.

அன்னை ஏற்றிய விளக்கு, அடுத்த தலைமுறைக்கும் ஒளி தருகிறது. அதுவன்றோ குருபரம்பரை!