கட்டணம் வாங்காத பாதையும் கல்லாப்பெட்டியும்

வியாபாரத்தில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி. பல வருடங்கள் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து ஒரு மலையில் சைக்கிள் ஓடும் ஒற்றையடிப் பாதை வெட்ட வேண்டும். அந்தப் பாதையில் போகிறவர்களிடம் ஒரு சதமும் அறவிடக் கூடாது. டிக்கட் இல்லை, கேட் இல்லை, காவலாளியும் இல்லை. இப்படியொரு யோசனையுடன் ஒருவர் உங்கள் கடைக்கு வந்தால் என்ன சொல்வீர்கள்? ஒரு பிளேன்டீ கொடுத்து, 'பிறகு யோசிப்போம்' என்று அனுப்பி வைப்பீர்கள்.

கனடாவின் வடமேற்கு மூலையில் உள்ள கார்க்ரொஸ் என்ற சிற்றூர் இந்த யோசனையைச் செயலில் காட்டியது. அங்கே வசிப்பவர்கள் சுமார் 300 பேர்தான். யூக்கோன் பிரதேசத்தின் தலைநகரான வைட்ஹோர்ஸில் இருந்து தெற்கே சுமார் 70 கிலோ மீற்றர் தூரம். யூக்கோன் எமது நாட்டைப் போல ஏழு மடங்கு பெரிய நிலப்பரப்பு. ஆனால் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி முழுச் சனத்தொகையும் 40 ஆயிரம் அளவில்தான் இருந்தது. மீதி எல்லாம் மலை, காடு, ஏரி, கரடி.

நான் இருபத்தைந்து வருடம் சைக்கிள் உதிரிப்பாக வியாபாரம் செய்தவன். டயர், டியூப், செயின், போல்ஸ் என்று எண்ணிக் கொண்டிருந்தவனுக்குச் சைக்கிளை வைத்து ஒரு ஊரே பிழைக்கப் பார்க்கிறது என்று கேள்விப்பட்டால் சும்மா இருக்க முடியுமா? கனடாவில் இருக்கும் என் மச்சானுடன் 2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அங்கே போய்ப் பார்த்தேன். பார்த்ததையும் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

தங்கத்தால் வந்த கூட்டம்

இந்த ஊருக்கு ஆட்கள் கூட்டமாக வந்தது இது முதல் தடவையல்ல. 1896 ஓகஸ்ட் மாதம் இப்பகுதியைச் சேர்ந்த டாகிஷ் இனத்தவரான கீஷ் என்பவரும் அவருடைய உறவினர்களும் வடக்கே குளொண்டைக் பகுதியில் தங்கத்தைக் கண்டார்கள். கீஷை வெள்ளையர்கள் 'ஸ்கூக்கும் ஜிம்' என்று அழைத்தார்கள். செய்தி பரவியதும் உலகின் பல பக்கங்களில் இருந்தும் ஆயிரக்கணக்கானோர் புறப்பட்டார்கள். 1898 மே மாதம் பனி உருகியதும் கார்க்ரொஸை ஒட்டிய பெனற் ஏரியில் இருந்து சுமார் 7,000 ஓடங்கள் கிளம்பின.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் இதில் உண்டு. ஒரு வருடத்துக்குரிய உணவுப் பொருள் கையில் இல்லாதவரைக் கனடியப் பொலிசார் எல்லைக்குள் விடவில்லை. சாப்பாடும் கருவிகளும் சேர்ந்தால் ஓர் ஆளுக்குச் சுமார் ஒரு தொன். அத்தனையும் கடையில்தான் வாங்க வேண்டும். தங்கம் தேடிப் போனவர்களில் பெரும்பாலானோர் வெறுங்கையுடன் திரும்பினார்கள். மாவும் மண்வெட்டியும் விற்ற கடைக்காரர்களில் பலர் நன்றாக உழைத்தார்கள்.

1900 ஜூலை 29ஆம் திகதி வைட் பாஸ் புகையிரதப் பாதையின் கடைசி ஆணி கார்க்ரொஸில்தான் அடிக்கப்பட்டது. பிறகு 1905 அளவில் ஊருக்கு எதிரே நிற்கும் மொன்டானா மலையில் வெள்ளி அகழ ஆரம்பித்தார்கள். கொன்ராட் என்றொரு நகரமே எழுந்தது. ஹோட்டல், கடை எல்லாம் வந்தன. சில வருடங்களில் சுரங்கம் கட்டுப்படியாகாமல் போகவே நகரமும் காலியானது. மலையில் எஞ்சியவை துருப்பிடித்த கம்பி வடங்களும், கோவேறு கழுதைகள் மூட்டை சுமந்த பாதைகளும்தான்.

தங்கமும் வெள்ளியும் வந்து போயின. அந்த மண்ணுக்குரிய மக்களின் கையில் மிஞ்சியது மிகக் குறைவு. இதற்கு மேல், அவர்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்து, தாய்மொழியை மறக்கச் செய்த சூட்லா என்ற விடுதிப் பாடசாலையும் இதே ஊரில் 1969 வரை இயங்கியது. பாட்டனுக்குத் தெரிந்த மலை பேரனுக்குத் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

காணி கைக்கு வந்த வருடம்

கார்க்ரொஸ் டாகிஷ் முதற்குடி மக்கள் நீண்ட காலம் பேசிப் பேசி, 2005 ஒக்டோபரில் கனடிய அரசுடன் காணி உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அது 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தங்கள் விவகாரங்களைத் தாங்களே நிர்வகிக்கும் உரிமையும் கிடைத்தது.

அதே 2006ஆம் ஆண்டு கோடையில்தான் பாதை வேலையும் தொடங்கியது. பாடசாலை விடுமுறையில் இருந்த பதின்ம வயதுப் பிள்ளைகளைச் சம்பளத்துக்கு எடுத்து, கையில் கருவிகளைக் கொடுத்து மொன்டானா மலைக்கு அனுப்பினார்கள். 'ஒற்றையடிப் பாதையில் வெற்றிக்கு' என்று பொருள்படும் பெயரை அந்தத் திட்டத்துக்கு வைத்தார்கள். நோக்கம் இரண்டு. பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பது ஒன்று. மூதாதையரின் மலையில் அவர்களை மீண்டும் கால் பதிக்க வைப்பது மற்றொன்று. உல்லாசப் பயணிகள் வருவார்கள் என்ற கணக்கு இவற்றுக்குப் பின்னால்தான் வந்தது.

வருடா வருடம் புதிய பிள்ளைகள் வந்தார்கள். கழுதைப் பாதைகளைத் துப்புரவாக்கினார்கள், புதிதாகவும் வெட்டினார்கள். 40 கிலோ மீற்றருக்கு மேல் பாதை உருவானது. 2011இல் 'மௌன்டன் ஹீரோ' என்ற பாதையைச் சர்வதேச மௌன்டன் பைக் சங்கம் தனது 'எபிக்' வரிசையில் சேர்த்தது. சிறந்த நெடும் பாதைகளுக்கு மட்டும் கிடைக்கும் அங்கீகாரம் அது. 2016இல் கெல்லி மில்னர் என்பவர் இந்தப் பிள்ளைகளைப் பற்றி 'ஷிஃப்ட்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். விளம்பரத்துக்குக் காசு கொட்டாமலே ஊரின் பெயர் வெளியே போனது.

பாதை வெட்டுவது சாதாரண வேலையல்ல

மலையில் சைக்கிள் ஓட்டும் விளையாட்டு 1970களில் கலிபோர்னியாவின் மரீன் கவுன்ரியில் தலையெடுத்தது. பழைய தடித்த டயர் சைக்கிள்களைக் கொண்டு மலையில் இருந்து இறங்கிய வாலிபர்களின் விளையாட்டு அது. 1981இல் 'ஸ்பெஷலைஸ்ட்' கம்பனி 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற சைக்கிளைப் பெருமளவில் தயாரித்து விற்ற பிறகு அது ஒரு பெரிய வியாபாரமானது. எமது கடைகளில் நாம் கண்ட சைக்கிளுக்கும் இதற்கும் வெகுதூரம். டிஸ்க் பிரேக், முன்னும் பின்னும் ஷொக் எப்சோபர், டியூப் இல்லாத டயர். நல்ல ஒன்று பல ஆயிரம் கனடிய டொலர். இவ்வளவு காசு கொடுத்து வாங்கியவர் அதற்கேற்ற பாதையைத் தேடிச் செல்லத்தானே செய்வார்.

அந்தப் பாதைக்கு முதல் எதிரி தண்ணீர். மேலிருந்து கீழே நேராக வெட்டினால் ஒரே மழையில் அது ஓடையாகிவிடும். ஆகவே மலையின் விலாவைச் செதுக்கிப் பக்கவாட்டில் வெட்ட வேண்டும். பாதையின் சரிவு, அந்த இடத்து மலைச் சரிவின் பாதியைத் தாண்டக் கூடாது. சராசரி 10 வீதத்துக்குள் இருந்தால் நீண்ட காலம் நிற்கும். வெளிப்பக்க ஓரம் சிறிது தாழ்ந்திருக்க வேண்டும். இடைக்கிடை ஏறி இறங்கும் மேடு வைத்தால் தண்ணீர் அங்கங்கே வழிந்து போகும். பாதையின் அகலமோ ஓர் ஆள் நடக்கப் போதுமான அளவுதான். இவற்றை எல்லாம் கையாலேயே செய்தார்கள். இந்தத் தொழிலைக் கற்ற பிள்ளைக்கு வேறு ஊரிலும் வேலை கிடைக்கும்.

கடைத்தெருவில் நான் கண்டது

இனி எமக்குத் தேவையான விடயத்துக்கு வருவோம். காசு எங்கே?

அலாஸ்காவின் ஸ்காக்வே துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல்கள் வருகின்றன. 2019ஆம் ஆண்டு மட்டும் கிட்டத்தட்ட 10 இலட்சம் பேர் அங்கே வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பஸ்ஸிலும் புகையிரதத்திலும் கார்க்ரொஸ் வரை வந்து போனார்கள். புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் சிறு சிறு கடைகள் வரிசையாக உள்ளன. முகப்பில் அந்த மக்களின் குலச் சின்னங்களைச் சிவப்பும் கறுப்புமாகத் தீட்டியிருக்கிறார்கள். கைவினைப் பொருள், கோப்பி, ஐஸ்கிரீம் விற்கிறார்கள்.

நாங்கள் போன நாள் நண்பகலில் பஸ் கூட்டம் நிறைந்திருந்தது. ஒன்றரை மணித்தியாலத்தில் வாங்க வேண்டியதை வாங்கிப் படம் எடுத்துக் கொண்டு ஏறிவிட்டார்கள். ஐந்து மணிக்கெல்லாம் கடைகள் மூடப்பட்டன. வடக்கே கோடையில் பகல் நீளம். ஓகஸ்டிலும் இரவு ஒன்பது மணிக்கு வெளிச்சம் இருக்கிறது. ஏழு மணியளவில் மலையில் இருந்து சைக்கிள்காரர்கள் சேறும் சகதியுமாக இறங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். எல்லோருக்கும் பசி. ஊரில் சாப்பாட்டுக் கடை ஒன்றும் திறந்திருக்கவில்லை. வண்டிகளில் சைக்கிளைக் கட்டிக் கொண்டு 70 கிலோ மீற்றர் தள்ளி வைட்ஹோர்ஸுக்குப் போய்விட்டார்கள்.

"நானா, பார்த்தீங்களா? பாதை இங்க, யாவாரம் அங்க" என்றார் மச்சான்.

அவர் சொன்னது சரி. பாதை வெட்டியவர்கள் கார்க்ரொஸ் பிள்ளைகள். அன்றிரவு அறை வாடகை, சாப்பாடு, அடுத்த நாள் பிரேக் பேட், டயர் எல்லாம் வைட்ஹோர்ஸ் கடைக்காரரின் கைக்குப் போயிருக்கும். மலைக்கு வண்டியில் ஏற்றிச் செல்பவர்களும் வழிகாட்டிகளும் எந்த ஊர்க்காரர் என்பதில்தான் மீதிக் கணக்கு இருக்கிறது. தங்கக் காலத்தில் நடந்தது வேறு வடிவத்தில் மீண்டும் நடந்துவிடக் கூடாது என்பதே அந்த மக்கள் முன்னால் இருக்கும் சோதனை.

பஸ்ஸில் வருபவரையும் சைக்கிளில் வருபவரையும் ஒரே வாடிக்கையாளராக எண்ணக் கூடாது. பஸ்காரர் ஒரு மணி நேர விருந்தாளி. கப்பல் அட்டவணை சொல்லும் நேரத்தில் வருவார், போவார், பெரும்பாலும் திரும்பி வரமாட்டார். சைக்கிள்காரர் இரண்டு மூன்று இரவு தங்குவார். நன்றாகச் சாப்பிடுவார். பாதை பிடித்துவிட்டால் அடுத்த வருடம் நண்பர்களுடன் வருவார். முதலாமவர் தொகையில் அதிகம், இரண்டாமவர் தலைக்குச் செலவில் அதிகம்.

சீசனும் சோதனையும்

இந்த வியாபாரத்தில் ஆபத்தும் உண்டு. மலையின் உச்சி 2,200 மீற்றருக்குச் சற்று அதிகம். மேலே பனி உருக ஜூன் கடைசியாகும். செப்டெம்பரில் மீண்டும் குளிர். மூன்று நான்கு மாத உழைப்பில் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும். ஒரு சீசன் தவறினால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. கொரோனாவால் எல்லை மூடப்பட்டது. ஸ்காக்வேக்கு அந்த வருடம் உல்லாசக் கப்பல் வரவில்லை. மலைக்கு வரக் கூடியதாக இருந்தவர்கள் பெரும்பாலும் யூக்கோனில் வசித்தவர்களே. வெளியூர்க் கப்பலை மட்டும் நம்பிக் கடை போட்டவருக்கும் பக்கத்து ஊர் வாடிக்கையாளரை வைத்திருந்தவருக்கும் உள்ள வித்தியாசம் அப்போது விளங்கியது.

மற்றொரு பக்கமும் இருக்கிறது. மலை என்பது அந்த மக்களுக்குக் கடைச் சரக்கல்ல. அந்தப் பகுதியில் கரிபூ மான்கள் அருகி வந்தபோது, 1990களின் ஆரம்பத்தில் இருந்து தாங்களாகவே வேட்டையை நிறுத்தி வைத்தவர்கள் அவர்கள். அடுத்த தலைமுறைக்கு மான் மிஞ்ச வேண்டும் என்பதற்காகத் தங்கள் அடுப்பில் இறைச்சியைக் குறைத்தார்கள். அப்படிப்பட்டவர்கள், ஆட்கள் வருகிறார்கள் என்பதற்காக மலை முழுவதையும் பாதையாக்க இணங்கமாட்டார்கள். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்ற முடிவு அவர்கள் கையில் இருப்பதுதான் இந்தத் திட்டத்தின் உண்மையான முதல்.

எமக்கு என்ன?

இலவசம் என்றால் நஷ்டம் என்று நாம் படித்திருக்கிறோம். கார்க்ரொஸ் வேறு விதமாகக் கணக்குப் போடச் சொல்கிறது. பாதையில் கட்டணம் வைத்திருந்தால் காவலாளி, டிக்கட், வேலி என்று செலவு கூடியிருக்கும், வருகிறவர்களும் குறைந்திருப்பார்கள். பாதையைத் திறந்து விட்டதால் ஆள் வந்தார். ஆள் வந்த பிறகு அவருக்குப் பசிக்கும், தூக்கம் வரும், செயின் அறும். வருமானம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அது தானாக வந்து விழாது. பசித்த நேரத்தில் யாருடைய கடை திறந்திருக்கிறதோ அவருக்குத்தான் போகும்.

எந்த ஊர்க் கடைத்தெருவிலும் இதே கதைதான். பஸ் நிலையத்தையோ, வைத்தியசாலையையோ, மைதானத்தையோ நாம் கட்டவில்லை. அவற்றால் வரும் ஆட்கள் மட்டும் நமக்கு வேண்டும். அவர்கள் எந்த நேரத்தில் வருகிறார்கள், எதைத் தேடுகிறார்கள், கிடைக்காதபோது எங்கே போகிறார்கள் என்று ஒரு கிழமை உட்கார்ந்து குறித்துப் பாருங்கள். கொப்பியும் பேனையும் போதும். கடையைத் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் உங்கள் வசதிக்கு வைத்ததா, வாடிக்கையாளரின் வசதிக்கு வைத்ததா என்பது அந்தக் குறிப்பிலேயே தெரிந்துவிடும்.