கொல்லையில் நீச்சல் குளம்... செல்போனில் மட்டும்!

'தனி வீடு விற்பனைக்கு. அரியமங்கலம், தஞ்சாவூர் ரோட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். கிழக்குப் பார்த்த வாசல். பின்புறம் நீச்சல் குளம்!'

செல்போனில் வந்த இந்த விளம்பரத்தைப் பார்த்ததும் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறிவிட்டது. நீச்சல் குளத்துக்காக அல்ல. அது என் நண்பனின் வீடு!

அந்தக் கொல்லையில் பத்து வருஷம் கிரிக்கெட் ஆடியவன் நான். நேராக அடித்தால் பந்து கிணற்றில் விழும். ஓங்கி அடித்தால் பக்கத்து வீட்டு ஓட்டில் விழும். துவைக்கிற கல்தான் ஸ்டம்ப். முருங்கை மரம்தான் தர்ட் மேன். அங்கே எப்போது நீச்சல் குளம் முளைத்தது?

படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். நீல நிறத்தில் பளபளவென்று தண்ணீர். கரையில் இரண்டு சாய்வு நாற்காலி. ஒரு மேஜை, அதன்மேல் ஆரஞ்சு ஜூஸ். பின்னால் வரிசையாக மரங்கள். அதுவும் நம்ம ஊர் தென்னை இல்லை, துபாய் ஈச்சை! முருங்கை போன இடம் தெரியவில்லை. கல்லையும் காணோம், கிணற்றையும் காணோம். வீட்டின் பின்பக்கச் சுவரும் அதில் சாயம் போன பச்சை ஜன்னலும் மட்டும் 'நாங்கள் அசல்தான்' என்று பரிதாபமாக நின்றன.

நண்பனுக்கு போன் போட்டேன்.

"என்ன மாப்ளே, நீச்சல் குளமெல்லாம் கட்டிட்டே... சொல்லவே இல்ல?"

"சும்மா இருடா, நானே நொந்து போயிருக்கேன். நேர்ல வா, சொல்றேன்" என்றான்.

போனேன்.

நண்பனின் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். பி.எஃப். லோன், கைமாத்து, அம்மாவின் வளையல் எல்லாம் சேர்ந்து எழுந்த வீடு அது. போன வருஷம் அவர் காலமானார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடன் ஒரு பக்கம், தங்கையின் கல்யாணம் இன்னொரு பக்கம். ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் நண்பனுக்கு வீட்டை விற்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. நாலு மாசமாக விளம்பரம் கொடுத்தும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்த புரோக்கர் வந்தார். வீட்டைச் சுற்றி வந்தார். கொல்லையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணே, கெணறு, கல்லு, முருங்கை... இதெல்லாம் அந்தக் காலம். இப்ப வர்ற பார்ட்டி எல்லாம் ஃபாரின் பார்ட்டி. போட்டோல ஒரு ஸ்விம்மிங் பூல் போட்டுருவோம். ரெண்டு லட்சம் சேத்தே கேக்கலாம்."

"பூலா? எங்க இருக்கு?"

"இருக்கணும்னு யாருண்ணே சொன்னா? போட்டோல இருந்தாப் போதும்!"

கண்ணெதிரிலேயே செல்போனில் கொல்லையைப் படம் பிடித்தார். ஏதோ ஓர் 'ஆப்'பில் போட்டார். 'கிணற்றை எடு, குளத்தைப் போடு' என்று தட்டினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அகத்தியர் கமண்டலத்திலிருந்து காவிரி பொங்கியது போல் கொல்லையில் குளம் பொங்கிவிட்டது!

இந்த வித்தை வெளிநாட்டில் பழசு. காலி வீட்டின் போட்டோவில் சோபா, கட்டில், திரைச்சீலை எல்லாம் கம்ப்யூட்டரிலேயே போட்டுக் காட்டுவார்கள். வெறும் சுவரைப் பார்த்தால் வாங்குகிறவருக்குக் கற்பனை ஓடாது. சோபா போட்டுக் காட்டினால், 'அட, நம்ம டி.வி.யை இங்கே வைக்கலாமே' என்று மனசு குடியேறிவிடும். பிறகு அது வீட்டுக்குள்ளிருந்து கொல்லைக்கு வந்தது. காலிப் புல்வெளியில் நீச்சல் குளம் வரைந்து, 'நீங்கள் விரும்பினால் இப்படிக் கட்டிக்கொள்ளலாம்' என்று காட்டினார்கள்.

அதில் தப்பே இல்லை. நம் ஊரில் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வரும்போது பக்கத்து வீட்டு நாற்காலியை இரவல் வாங்கிப் போடுவதில்லையா? 'போட்டோஷாப்' முதன்முதலில் வெளிவந்தது 1990-ல். அப்போதெல்லாம் இப்படி ஒரு படம் பண்ண வேண்டுமென்றால் விவரம் தெரிந்த ஆள் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. பத்து வயசுப் பையன் பண்ணிவிடுவான். சிக்கல் அங்கேதான். 'கட்டிக்கொள்ளலாம்' என்ற ஒரு வார்த்தையை விட்டுவிட்டால் போதும். 'கட்டியிருக்கிறது' என்று ஆகிவிடுகிறது!

சரி, நிஜமாகவே அங்கே ஒரு குளம் கட்டினால் என்ன ஆகும்? ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு நானும் நண்பனும் உட்கார்ந்தோம்.

சின்னக் குளம்தான். 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம். ஆக 22,600 லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் லாரி என்றால் கிட்டத்தட்ட இரண்டு லாரி. சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் ஆவியாகிப் போனாலே 90 லிட்டருக்கு மேல் காலி. அதாவது, தினமும் ஆறு குடம் தண்ணீரைச் சூரிய பகவானுக்கு அர்க்கியம் விட வேண்டும்! தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு குதிரைத்திறன் மோட்டார் தினமும் 6 மணி நேரம் ஓடினால் மாசத்துக்குச் சுமார் 135 யூனிட் கரண்ட். இது தவிர குளோரின், தேய்த்துக் கழுவ ஆள்...

நண்பன் டேப் எடுத்து வந்து கொல்லையை அளந்தான். அகலம் 20 அடி. நீளம் 14 அடி. படத்தில் இருந்த குளத்தை நிஜமாகவே வெட்டினால் ஒரு முனை பக்கத்து வீட்டு அடுப்படியில் போய் முடியும்!

"அதைவிடக் கொடுமை என்ன தெரியுமா?" என்றான். "புரோக்கர் எந்த எடத்துல குளத்தைப் போட்டிருக்காரோ, அதுக்கு நேர் கீழதான் நம்ம வீட்டு செப்டிக் டேங்க்!"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. ஆனால் அடுத்து அவன் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

படம் வெளியான மூணாம் நாளே போன்கள் குவிந்தன. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு குடும்பம் நேரிலேயே வந்துவிட்டது. கணவர், மனைவி, ஏழு வயசுப் பையன். பையன் கையில் காற்றடித்த ரப்பர் டியூப்! காரை விட்டு இறங்கியவன் நேரே கொல்லைக்கு ஓடினான். ஓடிய வேகத்தில் திரும்பி வந்தான்.

"அப்பா, பூல் எங்கப்பா?"

கணவர் நண்பனைப் பார்த்தார். நண்பன் புரோக்கரைப் பார்த்தான். புரோக்கர் முருங்கை மரத்தைப் பார்த்தார்.

"இங்க கட்டிக்கலாம் சார், அதுக்கான ஐடியாதான் படத்துல..." என்று அவர் இழுக்க, அந்த சிங்கப்பூர்க்காரர் கோபப்படக்கூட இல்லை.

"நல்லவேளை, நேர்ல வந்தோம். அங்கேருந்தே அட்வான்ஸ் அனுப்பிடலாம்னுதான் இருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"அவர் நாலு திட்டு திட்டியிருந்தாக்கூடத் தேவலாம் மாப்ளே" என்றான் நண்பன், தலை குனிந்து.

திருச்சி விமான நிலையத்தில் சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் விமானங்களுக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தால் இதன் ஆபத்து புரியும். பத்து வருஷம் வெயிலில் வெந்து சேர்த்த காசு. 'ஊர்ல ஒரு வீடு' என்ற ஒரே கனவு. அவர்கள் வீட்டைப் பார்ப்பதே செல்போன் படத்தில்தான். அந்தப் படம் பொய் சொன்னால்?

சட்டம் என்ன சொல்கிறது? புதிதாகக் கட்டி விற்கும் அடுக்குமாடி, மனைப்பிரிவு என்றால் 2016-ம் வருடத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. சுருக்கமாக 'ரெரா'. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் என்றாலோ, எட்டு வீடுகளுக்கு மேல் என்றாலோ பதிவு செய்தாக வேண்டும். விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். விளம்பரத்தில் சொன்னது பொய்யாகி, அதை நம்பி முன்பணம் கட்டியவர் நஷ்டப்பட்டால், கட்டியவர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது அதன் 12-வது பிரிவு. விலகிக்கொள்ள நினைத்தால் போட்ட பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். 2020 ஆகஸ்டில் பெங்களூரு அடுக்குமாடி வழக்கு ஒன்றில், வீடு வாங்கிய 339 பேரின் மேல்முறையீட்டை விசாரித்த உச்ச நீதிமன்றம், வாக்குக் கொடுத்த வசதிகளுக்குக் கட்டுமான நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

ஆனால், நண்பன் மாதிரி ஒரு தனி ஆள் தன் பழைய வீட்டை விற்றால் ரெரா பதிவு கிடையாது. அங்கே 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டமும் 1882-ம் வருடத்து சொத்து மாற்றுச் சட்டமும்தான் துணை. வாங்குகிறவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை இருந்தால் விற்பவர் சொல்லியாக வேண்டும். அதே சமயம், 'கொஞ்சம் அக்கறையாகப் பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்குமே' என்ற கேள்வி வாங்கியவர் பக்கமும் திரும்பும். ஆக, போய்ப் பார்ப்பது நம் வேலை!

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கென்றே ஒரு சட்டம் 2026 ஜனவரி 1 முதல் வந்திருக்கிறது. வீட்டு விளம்பரப் படத்தைக் கம்ப்யூட்டரில் மாற்றினால், 'மாற்றிய படம்' என்று ஏஜென்ட் சொல்ல வேண்டும். மாற்றாத அசல் படத்தைப் பார்க்கவும் வழி தர வேண்டும். எளிமையான விஷயம். நம் ஊருக்கும் பொருந்தும்.

படத்தில் வராத சமாச்சாரங்களும் உண்டு. அரியமங்கலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக்கூட நினைவுக்கு வருவது சுமார் 47 ஏக்கர் குப்பைக் கிடங்கு. எத்தனையோ முறை அது தீப்பிடித்து, புகை ஊரைச் சூழ்ந்திருக்கிறது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து எடுக்கும் 'பயோமைனிங்' வேலையை மாநகராட்சி பிற்பாடு கையில் எடுத்தது. ஒரு வீடு அதிலிருந்து எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதெல்லாம் போட்டோவில் தெரியுமா? கம்ப்யூட்டரால் குளம் வெட்ட முடியும். வாசனையை மாற்ற முடியாது!

வீடு பார்க்கப் போகிறீர்களா?

* படம் ரொம்ப அழகாக இருந்தால், "மாற்றாத அசல் படம் அனுப்புங்க" என்று கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் அங்கேயே பாதி பதில் கிடைத்துவிட்டது.

* "வீடியோ கால்ல கொல்லைப்பக்கம் நடந்து காட்டுங்க" என்று கேளுங்கள். நடந்துகொண்டே குளம் வரைவது கஷ்டம்!

* வெளிநாட்டில் இருந்தால், புரோக்கரின் ஆளை அல்ல, உங்கள் மச்சானையோ சித்தப்பாவையோ அனுப்புங்கள். கையில் டேப் இருக்கட்டும்.

* காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை போங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். செப்டிக் டேங்க் எங்கே என்று கேளுங்கள்.

* பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் வேண்டாம்.

நண்பன் கதைக்கு வருவோம். சிங்கப்பூர்க் குடும்பம் போன அன்று ராத்திரி, அவன் அம்மா அந்தப் படத்தைக் காட்டச் சொன்னாராம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாராம்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம கெணத்தைக் காணோமேடா? உங்கப்பா ஆள் வெக்க முடியாம, லீவு போட்டுத் தானே எறங்கித் தூர் வாருன கெணறுடா அது..."

அவ்வளவுதான் கேட்டாராம். நண்பன் அந்த ராத்திரியே படத்தை எடுத்துவிட்டான். மறுநாள் காலையில் வெளிச்சம் வந்ததும் அவனே கொல்லைக்குப் போய் கிணறு, கல், முருங்கை எல்லாம் தெரிகிற மாதிரி ஒரு படம் பிடித்துப் போட்டான். கீழே இரண்டே வரி: 'கொல்லை 20-க்கு 14 அடி. கிணறு உண்டு. நீச்சல் குளம் கிடையாது.'

போன்கள் குறைந்துவிட்டன. புரோக்கர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். வீடு இன்னும் விற்கவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மனைவியோடு வந்தாராம். ஹாலைக்கூடப் பார்க்காமல் அந்த அம்மா நேரே கொல்லைக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்து, "வெயில் காலத்துல தண்ணி எப்படிங்க?" என்று கேட்டாராம்.

"எறைச்சுக் காட்டட்டுமா?" என்று வாளியை எடுத்தாராம் அம்மா.

"அடுத்த வாரம் திரும்ப வரேன்னு சொல்லியிருக்காங்க மாப்ளே. வருவாங்களா, தெரியல" என்றான் நண்பன். "ஆனா இந்தத் தடவை யார் வந்தாலும் நான் முருங்கை மரத்தைப் பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதில்ல!"